காய வேண்டியது முதலில்: வட சென்னையில் மாடும் கழனியும் உள்ள வீட்டுக்குப் பொங்கலுக்கு முந்தைய பன்னிரண்டு நாள் வழிகாட்டி

மணலி புதுநகர், இடையஞ்சாவடி, சடையங்குப்பம், கடப்பாக்கம் என்று கொசஸ்தலை ஆற்றை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில், எண்ணெய் ஆலைகளின் புகைபோக்கிகள் தெரியும் தூரத்திலேயே, இன்னும் மாட்டுக்கொட்டகையோடு வாழும் வீடுகள் இருக்கின்றன. இவற்றுள் பல 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டுவிட்டன. வரி ரசீது மாறியதே தவிர, மார்கழிக் கடைசியில் செய்ய வேண்டிய வேலைகள் மாறவில்லை. மூன்று நான்கு கறவை மாடுகளும், மீஞ்சூர் அல்லது பொன்னேரிப் பக்கம் ஓர் ஏக்கரோ இரண்டோ கழனியும், வீட்டில் வேலைக்கும் பள்ளிக்கும் போகும் ஆட்களும் உள்ள குடும்பத்தை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். எங்கள் வீடும் அப்படிப்பட்டதுதான்.

பண்டிகைக்கு முந்தைய வேலைகளைப் பெரும்பாலோர் முக்கியத்துவத்தைப் பார்த்து வரிசைப்படுத்துகிறார்கள். நான் ஈரத்தைப் பார்த்து வரிசைப்படுத்துகிறேன். நெல் காய வேண்டும், வரட்டி காய வேண்டும், சுண்ணாம்பு காய வேண்டும், பழக்கிய பானை காய வேண்டும், நனைத்த கயிறு காய வேண்டும். தை பிறக்கும் நேரத்தில் எங்கள் பக்கம் காலையில் பனி, மாலையில் கடற்காற்று. சூரியன் ஆறரை மணிக்கு மேல்தான் எழுகிறது, ஆறு மணிக்கெல்லாம் மறைந்துவிடுகிறது, பனி விலகி நல்ல வெயில் விழ ஒன்பது மணியாகிவிடுகிறது. ஆக, ஒரு நாளில் உண்மையாகக் காயும் நேரம் ஆறு அல்லது ஏழு மணி நேரம்தான். இதைக் கணக்கில் எடுக்காமல் கடைசி நான்கு நாளில் எல்லாவற்றையும் செய்யப் போனால், பொங்கலன்று காலையில் ஈரச் சுவரும் புகையும் அடுப்புமாக நிற்க நேரும். "காயாத சுவத்துக்குக் காவி அடிச்சா நிக்குமாடா?" என்று என் அம்மா கேட்பது இதைத்தான்.

அசைக்க முடியாத இன்னொரு கணக்கு கறவை நேரம். விடியற்காலை நான்கு மணி, பிற்பகல் மூன்று மணி என்று மாடு பழகிவிட்டால், போகி என்றோ பொங்கல் என்றோ அதற்குத் தெரியாது. ஒரு வேளை இரண்டு மணி நேரம் தள்ளிப்போனால் மடி கட்டிக்கொள்ளும். அது தொடர்ந்தால் மடிநோய்க்கு வழிவிடும். ஆகவே எல்லா வேலைகளையும் இந்த இரண்டு கறவைகளுக்கு நடுவில் அடக்க வேண்டும். கறக்கும் ஆளுக்கு அந்தப் பன்னிரண்டு நாளும் வெளிவேலை எதையும் ஒப்படைக்காதீர்கள். கீழே நாட்களைப் பொங்கலிலிருந்து பின்னோக்கி எண்ணியிருக்கிறேன்; பத்தாம் நாள் என்றால் பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு.

பன்னிரண்டாம் நாள் முதல்: நெல்

சம்பா அறுப்பு பொங்கலுக்கு முன்பே முடிந்துவிட்டால் வீட்டு நெல்லில் பொங்கலிடலாம். முடியாவிட்டால் கடைப் பச்சரிசிதான். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் முடியும் என்று தோன்றினால், அறுவடை இயந்திரத்துக்குப் பன்னிரண்டு நாளுக்கு முன்பாவது சொல்லி வைத்துவிட வேண்டும், ஏனெனில் அந்த வாரத்தில் எல்லாக் கழனியிலும் ஒரே நேரத்தில் ஆள் தேடுவார்கள். வடகிழக்குப் பருவமழை பின்தங்கிப் பெய்த ஆண்டுகளில் கழனியில் சேறு நிற்கும். அப்போது டயரில் ஓடும் அறுவடை வண்டி இறங்காது, சங்கிலிப் பட்டையில் ஓடும் செயின் வண்டிதான் வேண்டும், அதன் வாடகையும் கூடுதல். எது வேண்டும் என்பதை வரப்பில் நின்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கழனிக்குள் நான்கு அடி நடந்து பாருங்கள். கணுக்கால் வரை புதைந்தால் செயின் வண்டியைச் சொல்லிவிடுங்கள்.

இயந்திரம் அறுத்துக் கொட்டும் நெல்லில் ஈரம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் வரை எடுத்துக்கொள்வார்கள் என்பதால், விற்பனைக்குப் போகும் மூட்டைகளுக்கு அந்த அளவு காய்ச்சல் போதும். வீட்டுப் பொங்கலுக்கு எடுத்து வைக்கும் நெல்லுக்கு அது போதாது. அதைப் புழுக்காமல் பச்சையாக அரைக்கப் போகிறோம். 14 சதவீதம் வரை காயாத நெல்லை ஆலையில் போட்டால் பாதிக்குப் பாதி நொய்யாக வந்து விழும். எங்கள் வீட்டில் ஒரு வருடம் அறுத்த மூன்றாம் நாளே அரைத்துவிட்டு, அந்த நொய்யைப் பொங்கல் முடிந்து இரண்டு வாரம் வரை கஞ்சியாகக் குடித்துத் தீர்த்தோம்.

காயப்போடும் முறை இது. பொங்கலுக்கென்று 25 கிலோ நெல்லைத் தனியாகப் பிரியுங்கள். அதிலிருந்து ஏறத்தாழ 16 கிலோ அரிசி வரும், வீட்டுக்கும் கொடுக்க வேண்டிய உறவினர் வீடுகளுக்கும் அது போதும். மொட்டைமாடியில் தார்ப்பாயை விரித்து, ஒன்பது மணிக்குப் பிறகு, இரண்டு விரற்கடைக்கு மேல் தடிமன் போகாமல் பரப்ப வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை காலால் கிளறிவிட வேண்டும். நான்கரை மணிக்கெல்லாம் குவித்து மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் பகலில் போன ஈரத்தை இரவுப் பனி திருப்பிக் கொடுத்துவிடும். மூன்று நாள் நல்ல வெயில் கிடைத்தால் போதும். பதம் பார்க்க, ஒரு நெல்லை உரித்துக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடியுங்கள். நசுங்கினால் ஈரம் இருக்கிறது. 'கடுக்'கென்று இரண்டாக உடைந்தால் சாக்கில் பிடிக்கலாம். வண்டி போகும் சாலையில் நெல்லைப் பரப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இரவில் கல்லும் கட்டையும் வைத்து அணைகட்டிய நெல்லில் ஏறி விழுந்த இரண்டு சக்கர வண்டிகளை எங்கள் ஊர்ச் சாலையிலேயே பார்த்திருக்கிறேன்.

அரைப்பதற்குச் செங்குன்றத்துப் பெரிய அரிசி ஆலைகளைத் தேடிப் போக வேண்டாம். ஒரு மூட்டை நெல்லுக்கு அங்கே யாரும் இயந்திரத்தை ஓட்ட மாட்டார்கள். ஊருக்குள் இருக்கும் சிறிய மில்லில், காலை முதல் ஆளாகப் போய் அரைத்துக்கொள்ளுங்கள். தவிட்டைக் கேட்டு வாங்கி வர மறக்கக் கூடாது, அது மாட்டுக்கு ஆகும்.

வைக்கோல் இன்னொரு கவலை. இயந்திரம் அறுத்த கழனியில் வைக்கோல் சிதறிக் கிடக்கும். அது காயும் முன்பே கட்டும் இயந்திரத்தை விட்டு உருளையாகச் சுருட்டிவிட்டால், நடுவில் பூஞ்சை பிடித்துக் கறுத்துப் போகும், மாடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிக்கொள்ளும். இரண்டு நாள் கழனியிலேயே புரட்டிக் காயவிட்டு, பிறகு கட்டச் சொல்லுங்கள்.

பத்தாம் நாள் முதல்: வரட்டி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொங்கல் அடுப்புக்கு விறகோடு பதினைந்து இருபது வரட்டியாவது வேண்டும். மார்கழி முழுவதும் வாசல் கோலத்தில் பூசணிப்பூ செருகி வைத்த சாணி உருண்டைகளை எங்கள் தெருவில் எறிய மாட்டார்கள். அன்றன்றைக்கே தட்டிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள், அவையும் இந்தக் கணக்கில் சேரும். மார்கழி வெயிலில் வரட்டி ஒரு பக்கம் காய மூன்று நாள், புரட்டிப் போட்டு இன்னும் மூன்று நாள் ஆகும். ஆகவே பத்தாம் நாளுக்குப் பிறகு தட்டியவற்றை நம்ப வேண்டாம். கிழக்குப் பார்த்த சுவரில் தட்டாதீர்கள். அங்கே பிற்பகல் வெயில் கிடையாது. தவிடும் நறுக்கிய வைக்கோலும் கலந்து தட்டினால் வெடிக்காது.

ஒன்பதாம் நாள் முதல்: சுண்ணாம்பு

முதலில் மாட்டுக்கொட்டகைக்கு அடிக்க வேண்டும், பிறகுதான் வீட்டுக்கு. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, வீட்டுக்கு அடித்து மிஞ்சிய கசடைக் கொட்டகைச் சுவரில் பூசிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். கொட்டகைக்கு அடிப்பது அழகுக்காக அன்று. சுவரின் வெடிப்புகளிலும் மரத்தூண்களின் பிளவுகளிலும் உண்ணி ஒளிந்துகொண்டு முட்டையிடும். கெட்டியான சுண்ணாம்பு அந்த இடுக்குகளை அடைத்துவிடும். ஆகவே கொட்டகைக்குக் கரைக்கும் சுண்ணாம்பு கெட்டியாகவும், வீட்டுக்குக் கரைப்பது மோர் பதத்திலும் இருக்க வேண்டும்.

கல் சுண்ணாம்பை வாங்கி, மண் தொட்டியிலோ இரும்பு டிரம்மிலோ போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் தாளியுங்கள். பிளாஸ்டிக் வாளி கூடவே கூடாது. கல் வெடித்துத் தண்ணீர் கொதிக்கும் சூட்டில் அது இளகிவிடும். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள், ஒரு துளி கண்ணில் பட்டாலும் ஆபத்து. பட்டுவிட்டால் தேய்க்காமல் நல்ல தண்ணீரால் தொடர்ந்து கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தாளித்த சுண்ணாம்பு ஓர் இரவாவது ஊறட்டும், இரண்டு நாள் ஊறினால் இன்னும் நல்லது. பிறகு பழைய பருத்திப் புடவைத் துணியில் வடிகட்டி, வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி ஊற்றி, வீட்டுச் சுவருக்கானால் சிட்டிகை நீலமும் கலந்துகொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறி வருவது 1960களின் பிற்பகுதியிலிருந்தே அறியப்பட்ட செய்தி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டால் கரிப்பது பல வீடுகளுக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு கரைத்தால், காய்ந்த சுவரிலும் உப்பு ஈரக்காற்றை இழுத்துக்கொண்டு விடியற்காலையில் கசியும். ஒரு குடம் இரண்டு குடம் கூடுதலாகச் செலவானாலும் லாரித் தண்ணீரிலோ குழாய்த் தண்ணீரிலோ கரையுங்கள்.

அடிக்கும் முன் சுவரை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய பூச்சாக இரண்டு முறை அடியுங்கள். முதல் பூச்சு அடித்த உடனே சுவர் சாம்பல் நிறத்தில் அழுக்காகத்தான் தெரியும். அதைப் பார்த்துப் பதறி மேலே மேலே பூசுகிறவர்கள்தான் பின்பு செதில் செதிலாக உரிகிறதென்று குறைசொல்பவர்கள். சுண்ணாம்பு காற்றை வாங்கி இறுகும்போதுதான் வெளுக்கும், அடுத்த நாள் காலையில் அதே சுவரைப் பாருங்கள். இரண்டாம் பூச்சும் நன்கு காய்ந்த பிறகு, அதாவது இன்னும் இரண்டு நாள் கழித்து, அடிப்புறத்தில் காவிப் பட்டை.

கொட்டகைக்கு அடிக்கும் நாளில் மாடுகளைக் காலைக் கறவை முடிந்ததும் வெளியே கட்டிவிட்டு, மூன்று மணிக் கறவைக்குள் உள்ளே கொண்டுவர வேண்டும். வெளியே என்றால் சாலையில் அன்று. தெருவில் திரியும் மாடுகளை மாநகராட்சி பிடித்துக் கொண்டுபோய் அபராதம் விதிக்கிறது. பண்டிகை வாரத்தில் மாட்டை மீட்க அலைவதைப் போன்ற வெட்டிவேலை வேறில்லை. ஈரச் சுவரை மாடு நக்காதபடி அன்று இரவு மட்டும் கயிற்றைக் குறுக்கிக் கட்டுங்கள்.

ஏழாம் நாள்: தீனியும் பாலும், இரண்டு கணக்கு

தீவனக் கடைகள் பொங்கலை ஒட்டி மூன்று நான்கு நாள் திறக்காமல் போகலாம். ஆகவே ஏழாம் நாளே காகிதத்தில் கணக்குப் போட்டுவிடுங்கள். உடல் தேவைக்கு ஒன்றரை கிலோ அடர்தீவனம், அதன்மேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்பது கறவை மாட்டுக்கான வழக்கமான அளவு. ஒரு நாளைக்கு 8 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு இதன்படி 4.7 கிலோ. அப்படி மூன்று மாடுகளுக்கு நாளொன்றுக்கு 14 கிலோவுக்குச் சற்று மேல், ஆறு நாளுக்கு 85 கிலோ. சினை முற்றிய மாடு ஒன்று இருந்தால் அதற்கு ஒரு நாளைக்கு 3 கிலோ வீதம் இன்னும் 18 கிலோ. மொத்தம் நூற்று மூன்று கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை இரண்டும், மீதிக்குக் கொஞ்சம் புண்ணாக்கும். இந்தக் கணக்கைப் போடாமல் ஒரு மூட்டையை வாங்கிவைத்துவிட்டு, மாட்டுப் பொங்கலன்று பக்கத்து வீட்டில் கடன் கேட்கப் போவது வருடந்தோறும் எங்கள் தெருவில் நடக்கிறது. தீவனத்தின் வகையைப் பண்டிகைக்காக மாற்ற வேண்டாம். புதிய தீவனத்துக்கு மாட்டின் வயிறு பழக நாளாகும்.

பால் கணக்கு இதைவிடத் தர்மசங்கடமானது. மூன்று மாட்டில் 24 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கை வீடுகளுக்கு 19 லிட்டர் போகிறது. பொங்கலன்று நம் வீட்டுக்கு மூன்று லிட்டர் வேண்டும். மிச்சம் இரண்டே லிட்டர். ஆனால் பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, "அக்கா, அன்னிக்கு மட்டும் ஒரு லிட்டர் சேர்த்து ஊத்துங்க" என்று பத்து வீட்டிலிருந்து கேட்பார்கள். முதலில் கேட்ட இரண்டு வீட்டுக்கு மட்டும் ஒப்புக்கொண்டு, மற்றவர்களிடம் அன்றே இல்லை என்று சொல்லிவிடுங்கள். முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டால், அன்று காலையில் ஒன்று கன்றின் வாயிலிருந்து பிடுங்க வேண்டும், இல்லையேல் தண்ணீரைக் கலக்க வேண்டும். பாலில் தண்ணீர் இருப்பது அன்றைக்குப் பானையிலேயே தெரிந்துவிடும், பொங்கி வரத் தாமதமாகும்.

இந்த வாரத்திலேயே கோமாரித் தடுப்பூசி போட்ட நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டிய அது தவறிப் போயிருந்தால், விருந்தாளிகளும் அவர்கள் செருப்பும் கொட்டகைக்குள் வந்துபோகும் பண்டிகைக்கு முன் கால்நடை மருந்தகத்தில் விசாரித்துவிடுவது நல்லது.

நான்காம், மூன்றாம் நாட்கள்: கடைத்தெரு

துணி எடுக்கப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போகிறவர்கள் வார நாளில் முற்பகலில் போய்விட வேண்டும். மாலையில் அந்தத் தெருவில் நடக்கவே இடமிருக்காது, மூன்று மணிக் கறவைக்குத் திரும்பவும் முடியாது. நியாயவிலைக் கடையில் அண்மை ஆண்டுகளில் பொங்கல் தொகுப்பாக ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு கொடுத்துவருகிறார்கள். டோக்கனில் போட்ட நாளில், வீட்டில் உள்ள பெரியவர் யாராவது போய் வாங்கிவிட்டால் மற்றவர்களுக்கு அலைச்சல் மிச்சம்.

கரும்பும் மஞ்சள் கொத்தும் கோயம்பேட்டுச் சிறப்புச் சந்தையில் கட்டாக மலிவு. ஆனால் ஒரு வீட்டுக்குப் பதினைந்து கரும்பு எதற்கு? தெருவில் ஐந்து வீடு சேர்ந்து, ஒரு குட்டியானை வண்டி பிடித்துக் கட்டுகளை வாங்கிப் பிரித்துக்கொண்டால்தான் அங்கே போவதற்கு அர்த்தம் உண்டு. தனி வீடானால் மணலி, திருவொற்றியூர்ச் சாலையோரத்தில் ஜோடியாக வாங்குவதே லாபம். தோகையோடு வாங்குங்கள், தோகை மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்குப் போகும். மஞ்சள் கொத்தை வாங்கியதும் கிழங்கைத் தண்ணீரில் மூழ்கவைக்காமல் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். மூழ்கவைத்தால் இலை மஞ்சளடிக்கும்.

மாட்டுக்குரிய பொருட்களை நான் செங்குன்றத்தில் வாங்குவேன். மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, கழுத்துக்கயிறு, சலங்கை, நெட்டிமாலை. பருத்திக் கயிறாகவே கேளுங்கள். பளபளவென்று பச்சையும் சிவப்புமாகத் தொங்கும் நைலான் கயிறு கழுத்தை அறுக்கும். புதுக்கயிற்றை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு தூணுக்கு நடுவே இழுத்துக் கட்டிக் காயவிட்டால் முறுக்குத் தளர்ந்து மென்மையாகும். அதற்கும் ஒரு முழு நாள் வெயில் வேண்டும் என்பதால் மூன்றாம் நாளைத் தாண்டக் கூடாது.

கொம்புக்கு வண்ணம் வாங்கும்போது கவனம். வாசல் கதவுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயிண்ட் டப்பாவைத் தேடி எடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. ஈயம் கலந்த பெயிண்டாக இருந்தால், ஒரு மாட்டின் கொம்பை இன்னொரு மாடு நக்கினாலே நஞ்சு உள்ளே போகும். காவியும் மஞ்சளும் நீலமும் தண்ணீரில் குழைத்துப் பூசினால் போதும். கொம்பைச் சீவ ஆசைப்படுகிறவர்கள் நுனியை மட்டும் லேசாகத் தேய்க்கட்டும், உள்ளே உயிர்ச்சதை உண்டு. எந்தக் கட்சிக் கொடியின் நிறத்தைக் கொம்பில் அடிப்பது என்ற விவாதத்தை அண்ணன் தம்பிகள் மாட்டின் எதிரில் வைத்துக்கொள்ளாமல் இரவே முடித்துவிடுவது வீட்டு அமைதிக்கு நல்லது. கலப்பினக் கன்றுகளுக்குக் கொம்பையே சுட்டுவிட்டோம் என்பதால் எங்கள் கொட்டகையில் இப்போது அந்தச் சண்டைக்கு இரண்டே கொம்புகள்தான் மிச்சம்.

பானையைப் பழக்குதல்

கொசப்பேட்டையில் வாங்கினாலும் உள்ளூர்ச் சந்தையில் வாங்கினாலும், பானையை வாங்கும்போது விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். 'டங்'கென்று மணிபோல் கேட்க வேண்டும், 'டொக்'கென்றால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது. பிறகு தண்ணீர் ஊற்றி வெளிப்புறத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

வாங்கிய நாள் இரவு பானை முழுவதையும் தண்ணீரில் மூழ்கவையுங்கள். அது குமிழி விட்டு, மூச்சு விடுவதுபோல் ஒரு மெல்லிய ஓசையோடு தண்ணீரைக் குடிக்கும். ஓசை நின்ற பிறகும் மறுநாள் காலை வரை அப்படியே இருக்கட்டும். அடுத்து, அரிசி கழுவிய தண்ணீரை முக்கால் பானை ஊற்றிச் சிறு தீயில் வைத்து, கொதி வந்ததும் இறக்கி, தானாக ஆறவிட வேண்டும். சூட்டோடு குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் அன்றே உடையும். இதை இரண்டு நாள் செய்தால் மண்வாசனை மட்டுப்படும், நுண்துளைகள் கஞ்சியால் அடைபடும். போகியன்று கவிழ்த்துக் காயவைத்துவிடுங்கள். ஈரப் பானையைக் கொழுந்துவிட்டெரியும் விறகின் மேல் ஏற்றிப் பொங்கலன்று காலை உடைத்துவிட்டு, சகுனத்தின்மேல் பழிபோடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குற்றம் அந்த ஈரத்தினுடையது.

போகி

இந்த ஒரு நாளுக்குத்தான் மாடு உள்ள வீடு மற்ற வீடுகளைவிட அதிகம் யோசிக்க வேண்டும். மார்கழிப் பனிக்காலத்து விடியலில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலே எழாமல் படுத்துக் கிடக்கும். அதில் ஒவ்வொரு வாசலிலும் எழும் புகை சேர்ந்தால் கலைய வழியில்லை. 2018இல் போகிப் புகையும் பனியுமாகச் சேர்ந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த விமானங்கள் திருப்பிவிடப்பட்டதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆலைகளுக்கு நடுவே வாழும் நாம் அன்றைக்கு டயரையும் பிளாஸ்டிக்கையும் வேறு கொளுத்த வேண்டியதில்லை. பழைய துணி, டயர் போன்றவற்றைப் போகிக்கு முன் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்களே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அண்மை ஆண்டுகளில் நடக்கிறது; ஐந்தாம் நாளே கொடுத்துவிட்டால் பிள்ளைகள் கையில் கொளுத்த எதுவும் சிக்காது. கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், ஓட்டை முறம், இற்ற கயிறு ஆகியவை மட்டும் நெருப்புக்குப் போதும்.

நெருப்பை வைக்கோல் போரிலிருந்து எவ்வளவு தள்ளி மூட்ட முடியுமோ அவ்வளவு தள்ளி, காற்று அடிக்கும் திசையைப் பார்த்து மூட்டுங்கள். இரண்டு வாளித் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். கொட்டகையின் புகை வரும் பக்கத்தில் கோணிச் சாக்குகளை நனைத்துத் தொங்கவிடுங்கள்.

கறவையை அன்று அரை மணி முன்பாக, மூன்றரைக்கே தொடங்கி, தெருப் பிள்ளைகள் போகி மேளத்தோடு எழும் முன் முடித்துவிடுவது நல்லது. மேளச் சத்தத்தில் மிரண்ட மாடு பாலை இறக்காது. மிரட்சியில் உடம்பில் ஊறும் சுரப்பு, பாலை இறக்கும் சுரப்பைத் தடுத்துவிடுவதுதான் காரணம். அதை 'மாடு பாலை ஒளிக்கிறது' என்று சொல்லி அடிப்பவர்கள் அடுத்த வேளைப் பாலையும் இழக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சிறுவன் மேளத்தை நெருப்பில் காட்டி முறுக்கேற்றிக்கொண்டு நேரே கொட்டகை வாசலில் வந்து நின்று அடித்த ஆண்டில், எட்டு லிட்டர் மாடு மூன்று லிட்டரோடு நிறுத்திக்கொண்டது.

போகிப் பகலில் வீட்டைக் கழுவி, அடுப்புக்கல் மூன்றையும் வாசலில் வைத்துப் பார்த்து, பானை ஆடாமல் உட்காரும்படி இப்போதே கல் மாற்றிக்கொள்ளுங்கள். பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வரப்பில் இன்று பறித்தால்தான் வாடாது.

மாட்டுப் பொங்கலுக்கான முடிவை இன்றே எடுத்தல்

மாட்டுப் பொங்கல் இரண்டு நாள் தள்ளித்தான் வருகிறது என்றாலும், மாட்டுக்கு எவ்வளவு பொங்கல் ஊட்டுவது என்பதைப் போகி இரவே வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்துவிட வேண்டும். அன்றைக்குச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன், கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த சித்தி, சூளூர்ப்பேட்டையிலிருந்து வந்த அத்தை, தெருவில் மாடில்லாத நான்கு வீட்டார் என்று ஆளுக்கொரு இலை சர்க்கரைப் பொங்கலையும் வாழைப்பழத்தையும் எங்கள் கறவை மாட்டுக்கு ஊட்டினார்கள். மாலையில் அது அசைபோடுவதை நிறுத்தியது, இடப்பக்க வயிறு உப்பியது, இரவில் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு தலையைத் தொங்கவிட்டது. அரிசியும் வெல்லமும் முன்வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிட்டதாக மருத்துவர் சொன்னார். பிழைத்துக்கொண்டது, ஆனால் பழைய பாலுக்குத் திரும்பப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று.

அதற்குப் பிறகு எங்கள் வழக்கம் இது. முதலில் மாடு வயிறு நிறைய வைக்கோல் தின்ன வேண்டும். பூசையில் ஒவ்வொரு மாட்டுக்கும் இரண்டு கைப்பிடிப் பொங்கல், அதையும் வீட்டுப் பெரியவர் ஒருவரே ஊட்டுவார். வருகிறவர்கள் ஊட்ட ஆசைப்பட்டால் கையில் கொடுப்பதற்கென்று அகத்திக்கீரையையும் நறுக்கிய கரும்புத் தோகையையும் ஒரு கூடையில் வைத்துவிடுகிறோம், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. கால்நடை ஆம்புலன்சுக்கான 1962 என்ற எண்ணைக் கொட்டகைத் தூணில் கரியால் எழுதியிருக்கிறோம். சுண்ணாம்பு அடித்த பிறகு அதை மறுபடி எழுத வேண்டும் என்பதையும் வேலைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு முந்தைய இரவு

இனி மிச்சம் சிறு வேலைகள்தான். அரிசியில் கல் பார்த்து, பாசிப்பருப்பை வாசம் வர வறுத்து, வெல்லத்தைத் தட்டி வைத்துவிடுங்கள். அரை கிலோ புதுப் பச்சரிசிக்கு 150 கிராம் பருப்பும் முக்கால் கிலோ வெல்லமும் எங்கள் அளவு. புது அரிசி சீக்கிரம் குழைந்துவிடும் என்பதால், பழைய அரிசிக்கு வைப்பதைவிடத் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வைத்து, வேண்டுமானால் இடையில் பாலை விட்டுக்கொள்ளலாம். வரட்டியையும் விறகையும் திண்ணையில் விட்டுவிடாமல் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள், ஒரு இரவுப் பனி போதும் புகையவைக்க. பானையையும் அப்படியே.

மாவிலைத் தோரணம், கோலமாவு, செம்மண் எல்லாம் ஒரே தட்டில் வாசற்படி ஓரத்தில் இருக்கட்டும். இரண்டு மணிக்கு எழுந்து கோலம் போடுகிறவர்களை நான்கு மணிக்கு மாடு கறக்கச் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டில் அண்ணிக்குக் கோலம், எனக்குக் கறவை. படுக்கும் முன் ஒருமுறை கொட்டகைக்குப் போய், தொட்டியில் தண்ணீரை நிரப்பி, கன்றைத் தாயிடமிருந்து பிரித்துக் கட்டி, பால் கேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால் போதும். கேனும் விடிவதற்குள் காய வேண்டும்.